புஷ்பம் டீச்சரின் வலது கால்

முன்னுணர்வு அறையின் கதவு திறந்ததும் முத்துமாலை முதலில் செய்த காரியம், வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்ததுதான். ஒரு தடவை அடித்துவிட்டு நிற்கவில்லை. கல் தரையில் பளார் பளார் என்று அடித்துக்கொண்டே இருந்தார். வெளியே காத்திருந்த நோயாளிகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கு," என்றார் முத்துமாலை. "மேடம், கால் இருக்கு."

"இருக்கும் அண்ணாச்சி. உக்காருங்க," என்றாள் ஜெசிந்தா.

அவர் உட்காரவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பனைமர உயரத்துக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி வைக்கிற மனிதர். சர்க்கரை வந்து ஏழெட்டு வருடமாகியும் மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. அவர் மனைவி சுயம்புக்கனிதான் கெஞ்சிக் கூத்தாடி இந்த மருத்துவமனைக்கு இழுத்து வந்திருந்தாள். இப்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே பயந்துபோனாள்.

"உள்ள வச்சு என்ன மேடம் செஞ்சிய?"

"தலையில ஒரு பட்டை மாட்டுவோம்மா. கால்லருந்து மூளைக்குப் போற சேதி மாதிரியே ஒரு சேதியை அது அனுப்பும். மாத்திரை போடாம, காலைக் கவனிக்காம விட்டா, பின்னாடி அந்தக் கால் எப்படி ஆகும்னு இப்பவே தெரிய வைக்கும். மரத்துப்போறது, புண் வர்றது, கடைசியில..."

"எடுத்துட்டாங்க," என்றார் முத்துமாலை. "முழிச்சுப் பாத்தா கால் இல்ல. கையை விட்டுத் துழாவுதேன். போர்வைதான் இருக்கு."

சுயம்புக்கனி ஜெசிந்தாவை உற்றுப் பார்த்தாள். "அது நடக்கப்போறதா மேடம்? இல்ல, நடந்தாலும் நடக்கலாம்ங்கிறதா?"

நல்ல கேள்வி. ஆனால் சுவரில் இருந்த சுவரொட்டியில் 'உங்கள் நாளையை இன்றே உணருங்கள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அடுத்த ஆள் வேறு எழுந்து நின்றுவிட்டார். "மாத்திரை ஒழுங்கா போட்டா நடக்காதும்மா," என்று சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினாள் ஜெசிந்தா.

அந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அவர்கள் நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. இந்த எந்திரம் வருவதற்கு முன்பு ஆளுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். சொல்லி முடித்ததும், "இப்ப நான் சொன்னதை உங்க வாயால எனக்குச் சொல்லுங்க" என்பாள். அப்படித் திருப்பிச் சொல்லும்போதுதான் எது போய்ச் சேரவில்லை என்பது தெரியும். தினமும் காலைப் பாருங்கள் என்று அவள் சொன்னதை, தினமும் காலையில் வந்து பாருங்கள் என்று புரிந்துகொண்டு ஒருவர் வாரம் முழுக்க விடிந்ததும் விடியாததுமாக மருத்துவமனை வாசலில் வந்து நின்றிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் வரும், கவலையும் வரும்.

எந்திரம் வந்த பிறகு அரை மணி நேரம் ஐந்து நிமிடமாகச் சுருங்கியது. விளக்கத்துக்கு அவசியம் இல்லை என்றாகிவிட்டது. அறைக்குள் போய் வந்தவர்கள் எல்லோரும் மாத்திரை போட்டார்கள். இனிப்பைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்கினார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. அதுதான் ஜெசிந்தாவுக்கு என்னவோ போலிருந்தது. வீட்டுக்குப் போனாலும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

முத்துமாலையின் சர்க்கரை அளவு சரசரவென்று இறங்கியது. இரண்டு பரிசோதனைக்குப் பிறகு தலைமை மருத்துவர் கோமதிநாயகம் அந்த அறிக்கையை மேசையில் வைத்துத் தட்டினார். "இவரை மேடை ஏத்தணும் ஜெசிந்தா. மாநிலம் பூராவும் இருந்து டாக்டர்கள் வர்றாங்க. இவரே தன் வாயால சொல்லட்டும். நாம பேசிப் பேசி எத்தனை பேரை மாத்தியிருக்கோம்?"

கூட்டத்துக்கு முந்தைய வாரம் சுயம்புக்கனி மட்டும் தனியாக வந்தாள். கையில் பையோ சீட்டோ எதுவும் இல்லை.

"எங்க வீட்டுக்காரரைக் கூட்டத்துக்கு அனுப்ப முடியாது மேடம். நீங்க ஒருக்க வீட்டுக்கு வந்து பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டிய."

"ஏன், மாத்திரை போடலையா?"

"மாத்திரையெல்லாம் மணி அடிச்சாப்பில போடுதாவ. அதைச் சொல்லல நான்."

துறைமுகக் குடியிருப்பில் மத்தியான வெயில் சுள்ளென்று அடித்தது. வீட்டின் பின்பக்கத்துக் குழாயடியில் முத்துமாலை ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு வாளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கால். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, என்ன செய்றீங்க?"

"சோதிக்கேன் மேடம்," என்றார், ரொம்பச் சாதாரணமாக. "இடது கால்ல சூடு தெரியுது. வலதுல இன்னும் கொஞ்சம் கொதிக்கணும் போல. போன வாரம் இவ்வளவு சூட்டுலயே தெரிஞ்சுது."

ஜெசிந்தா வாளியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தாள். வெந்நீர் சிமெண்டுத் தரையில் ஓடியது. அவர் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம் உடைந்து, சதை தெரிந்தது.

"இது எப்ப வந்தது?"

"எது?" அவருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

சுயம்புக்கனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "முதல்ல ஊசி வச்சுக் குத்திப் பாத்தாவ. அப்பறம் வெயில்ல தாருரோட்டுல நின்னாவ. இப்ப வெந்நி. தூக்கமும் கிடையாது. படுத்தா காலைத் தடவித் தடவிப் பாக்காவ."

"வலிக்கணும் மேடம்," என்றார் முத்துமாலை. "வலிக்கிறவரைக்கும் கால் எனக்குள்ளதுதானே. அந்த ரூமுக்குள்ள எனக்கு வலிக்கல பாருங்க. பஞ்சு மாதிரி ஆகி, அப்பறம் ஒண்ணுமே இல்லாமப் போச்சு. அதுக்கப்பறம்தானே எடுத்தாங்க."

"உணர்ச்சி குறைஞ்ச கால்ல சூடு படவே கூடாது அண்ணாச்சி. வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கண்ணாலதான் பாக்கணும். கண்ணாடியைத் தரையில வச்சு உள்ளங்காலைப் பாக்கணும்."

"இதை நீங்க சொல்லலையே," என்றார் அவர். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வியப்புதான் இருந்தது. "கால் போகும்னு காட்டுனீங்க. போகாம இருக்க என்ன செய்யணும்னு சொல்லலையே."

அது துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கத்தில் இருந்தது. அதை இப்போது சொல்லிக்காட்ட ஜெசிந்தாவுக்கு மனம் வரவில்லை. ஆட்டோ பிடித்து அவரை மருத்துவமனைக்குக் கூட்டி வந்தாள்.

சீழ் எலும்புவரை போயிருந்தது. சுண்டுவிரலையும் அதன் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. மற்றது தப்பியது.

அறுவை முடிந்த மறுநாள் மாலை ஜெசிந்தா வார்டுக்குப் போனபோது அவர் விழித்திருந்தார். கட்டுப் போட்ட கால் தலையணைமேல் இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கப்பிடாது. ரொம்ப நாளா மண்டையைக் குடையுது. அந்த ரூமுல இருக்கும்போது என் கால் விரல்ல மெட்டி இருந்துச்சு."

"மெட்டியா?"

"ஆமா. வீங்குன விரல்ல இறுகிப்போய்க் கிடந்துச்சு. யாரோ அதைப் பிடிச்சு இழுத்து, வராம, வெட்டி எடுத்தாங்க. இழுக்கிறது நல்லாத் தெரிஞ்சுது. நாளைக்கு எனக்கு என்ன வேணும்னாலும் நடக்கட்டும். நான் எதுக்கு மேடம் மெட்டி போடப்போறேன்?"

அவள் சிரிக்கவில்லை. படி இறங்கி நேராகக் கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டக்கூட நினைவில்லை.

"அந்தப் பதிவு யாரோடது டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க. ஒவ்வொருத்தர் உடம்பையும் கணிச்சு, அவங்க எதிர்காலத்தை உணரவைக்கிற எந்திரம் இன்னும் வரல. எப்ப வரும்னும் தெரியாது. கற்பனையா ஒரு சேதியை உருவாக்கி அனுப்பினா மூளை நம்ப மாட்டேங்குது. நிஜமா ஒரு ஆள் பட்டதைப் பதிஞ்சு அனுப்பினாத்தான் நம்புது."

"அப்ப எல்லாருக்கும் ஒரே கால்."

"ஒரே கால். சம்மதம் வாங்கித்தான் பதிவு பண்ணினோம்."

"உங்க நாளைன்னு வெளியில எழுதிப் போட்டிருக்கோமே. அவர் நம்பினார் டாக்டர். தனக்கு எழுதி வச்சுட்டாங்கன்னு நம்பினார்."

"நம்பினதாலதான் மாத்திரை போட்டார்," என்றார் கோமதிநாயகம். பிறகு குரல் இறங்கியது. "என் கூடப்பிறந்த அண்ணன் ஜெசிந்தா. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். படிக்காதவர் இல்ல. நான் எவ்வளவு படம் போட்டுக் காட்டினேன் தெரியுமா? சிரிச்சுக்கிட்டே அல்வா தின்னார். கிட்னி ரெண்டும் போய், என் கையிலதான் செத்தார். யாராவது ஒருத்தர் ஒரு பத்து நிமிஷம் அவரைப் பயமுறுத்தியிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பார். அதுக்குப் பொய் சொல்லணும்னா சொல்லுவேன்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. மாடியில் கட்டுப் போட்டுக் கிடக்கிற மனிதரும் உண்மை.

"அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஊரின் மறுகோடியில், வீட்டு வாசல் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார் தங்கபுஷ்பம். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். புடவையைத் தூக்கிச் செருகியிருந்ததால் அது நன்றாகத் தெரிந்தது. ஜெசிந்தா விஷயத்தைச் சொல்லச் சொல்ல, தூரிகையிலிருந்து பெயிண்ட் சொட்டிச் சொட்டி அவர் செயற்கைப் பாதத்தின் மேல் விழுந்தது.

"படிக்கிற டாக்டர் பிள்ளைகளுக்குன்னுதான் கேட்டாங்க," என்றார். "அதான் சரின்னேன். எத்தனை பேரு போட்டுப் பாத்திருப்பாங்க?"

"நிறையப் பேரு டீச்சர்."

"எல்லாரும் என் காலை..." அவர் முடிக்கவில்லை. தூரிகையை டப்பாவில் போட்டார். முகம் சிவந்துவிட்டது. "என் வாழ்க்கையிலயே கேடுகெட்ட நாள் அது பிள்ள. அதை எடுத்து ஊருக்கெல்லாம் ஊட்டிக்கிட்டிருக்கியளா? அதுக்கு மறுநாள் சாம்பார் சரியில்லன்னு நர்ஸுகிட்டச் சண்டை போட்டேன். அதைப் பதிஞ்சியளா? முதமுதலா இந்தக் காலை மாட்டிக்கிட்டு வாசல்வரைக்கும் நடந்தேனே, அதைப் பதிஞ்சியளா?"

"இல்ல டீச்சர்."

"அந்தத் தம்பி எந்த வார்டுல இருக்கார்? வண்டியை எடு."

"வண்டி இல்ல டீச்சர். பஸ்ஸுலதான் வந்தேன்."

"அப்ப என் வண்டியில ஏறு."

மூன்று சக்கர ஸ்கூட்டரில் அவர் ஓட்டிய வேகத்தில் ஜெசிந்தா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வார்டில் முத்துமாலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுயம்புக்கனி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். புஷ்பம் டீச்சர் உட்கார்ந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். செயற்கைப் பாதத்தில் பச்சைப் பெயிண்ட் காய்ந்திருந்தது.

"தம்பி, நீங்க உள்ள பாத்தது உங்க நாளை இல்ல. என் பழைய நாள்."

முத்துமாலை அந்தக் காலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்டது யாரும் எதிர்பார்க்காதது.

"பெருவிரல்ல ஒரு அரிப்பு இருந்துச்சுல்லா? எடுத்தப்பறமும் இருந்துச்சே. சொறியலாம்னு கை போகும். இடம் இருக்காது."

டீச்சரின் உதடு துடித்தது. "அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"மெட்டியை வெட்டும்போது அழணும் போல இருந்துச்சு. கண்ணுல தண்ணி வரல."

"அது எங்க வீட்டுக்காரரு போட்டுவிட்டது. அவரு போய்ச் சேர்ந்தப்பறமும் நான் கழட்டல. ஊரு பேசுச்சு, பேசட்டும்னு விட்டுட்டேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "எங்க வீட்டுல, அக்கம்பக்கத்துல, எல்லாரும் ஐயோ பாவம்னுதான் சொன்னாங்க. எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அதுக்கப்பறம் எப்படி டீச்சர்?" என்று கேட்டார் முத்துமாலை. அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக எழுந்து உட்கார்ந்தார்.

டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். காயத்தை எப்படிக் கழுவுவது, நகத்தை எப்படி வெட்டுவது, புதுச் செருப்பு வாங்கினால் முதலில் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பது, மிஞ்சியிருக்கிற இடது காலுக்குத் தான் செய்கிற சேவகம், கோயிலில் செருப்பைக் கழற்றச் சொன்னவரோடு போட்ட சண்டை. ஜெசிந்தா ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மட்டும், "இப்ப அண்ணாச்சி எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னார். சுயம்புக்கனி திருத்தினாள்.

கூட்டத்தில் முத்துமாலை பேசவில்லை. கோமதிநாயகமும் அவரை அழைக்கவில்லை. ஆனால் ஜெசிந்தா வற்புறுத்தியதில், அந்த வாரமே சுவரொட்டியைக் கிழிக்கச் சொல்லிவிட்டார். அறைக்குள் போகிறவர்களிடம், இது இன்னொருவருடைய அனுபவம், உங்களுக்கு இப்படித்தான் ஆகும் என்று இல்லை என்று முதலிலேயே சொல்லும்படி ஏற்பாடு ஆயிற்று. சொன்னதும் பாதிப் பேர் அறைக்குள்ளேயே போகவில்லை. போனவர்களில் சிலர் மாத்திரையை மறந்தார்கள். ஒழுங்காக மாத்திரை போடுகிறவர்களின் எண்ணிக்கை இறங்கியது. கோமதிநாயகம் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கு எழுதிய காகிதத்தை ஜெசிந்தாவின் மேசையில் வைத்துவிட்டுப் போவார். உண்மையைச் சொல்லச் சொன்னது சரிதானா என்று அவள் பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

முத்துமாலை வேலைக்குத் திரும்பினார். அவருக்கென்று அளவெடுத்துத் தைத்த ஷூ. ஒரு நாள் அவராகவே வந்து, "என்னைப் பதிஞ்சுக்கோங்க மேடம்," என்றார். "அழுகையெல்லாம் வேண்டாம். வேலைக்குப் போற ஒரு நாளு. ரெண்டு விரல் போனவன் எப்படி நடக்கான், எப்படி ஏணி ஏறுதான்னு தெரியட்டும்."

கோமதிநாயகம் ஆர்வம் காட்டவில்லை. "இதுல என்ன இருக்கு? ஒருத்தர் நடக்கிறார், டீ குடிக்கிறார், கிரேன்ல ஏறுறார். யார் இதைப் பாத்துத் திருந்துவா?" இருந்தாலும் தடுக்கவில்லை. முத்துமாலை தொப்பிக்கு உள்ளே பதிவு செய்கிற பட்டையை மாட்டிக்கொண்டு ஒரு முழு நாள் வேலை பார்த்துவிட்டு வந்து கொடுத்தார்.

அதை முதலில் தான்தான் போட்டுப் பார்ப்பேன் என்று புஷ்பம் டீச்சர் பிடிவாதம் பிடித்தார். "என் காலை அந்தத் தம்பி போட்டுப் பாத்தார்லா? அவர் காலை நான் போட்டுப் பாக்கணும்." கோமதிநாயகமும் வந்து ஓரமாக நின்றார்.

பட்டையை மாட்டி ஓடவிட்டதும் டீச்சரின் கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கின. பிறகு மெதுவாக முகம் மலர்ந்தது.

"விரல் அசையுது பிள்ள," என்றார், கண்ணை மூடியபடியே. "பெருவிரல். ரெண்டு விரல்தான் இல்ல, மத்தபடி பாதம் முழுக்க இருக்கு. கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு, ஆனா இருக்கு. நடக்கார். சரளைக் கல்லு. ஐயோ, எத்தனை வருஷமாச்சு." சிரித்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. ஜெசிந்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஏணி வந்தது. டீச்சரின் இடுப்பு, படி ஏறுவதுபோல் லேசாக அசைந்தது. திடீரென்று அவர் சிரிப்பு நின்றது. புருவம் சுருங்கியது.

"நிறுத்து. இல்ல, கொஞ்சம் பின்னால ஓட்டு. ஏணி ஏறுற இடம்."

ஜெசிந்தா ஓட்டினாள்.

"இங்கதான். குதிகாலுக்கு மேல, வெளிப்பக்கம். ஒவ்வொரு படிக்கும் ஷூ லேசா உரசுது. வலின்னு சொல்ல முடியாது, ஈ உக்காந்த மாதிரி. அந்தத் தம்பி கவனிக்கவே இல்ல, மேல போய் என்ன பெட்டியைத் தூக்கணும்னு நெனப்பா இருந்திருக்கும். எனக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. நானும் கவனிக்கல."

கோமதிநாயகம் முன்னால் வந்தார். "நல்லாத் தெரியுதா உங்களுக்கு?"

"என் கால் போன வழி டாக்டர். எனக்குத் தெரியாதா?"

ஜெசிந்தா கைபேசியை எடுத்தாள். முத்துமாலை கிரேன் கூண்டில் இருந்தார். காற்று இரைந்தது.

"அண்ணாச்சி, உடனே வலது ஷூவைக் கழட்டுங்க. குதிகாலுக்கு மேல, வெளிப்பக்கம் பாருங்க."

"ஒண்ணும் வலிக்கலையே மேடம்."

"வலிக்காது. கண்ணால பாருங்க."

காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல்.

"சிவந்திருக்கு மேடம். நகம் அகலத்துக்கு."

"தோல் கிழிஞ்சிருக்கா?"

"இல்ல." சற்று நிறுத்தினார். "இன்னும் இல்ல."

கோமதிநாயகம் மூச்சை விட்டார். "அந்த ஷூவை இனிமே போட வேண்டாம்னு சொல்லுங்க. நான் துறைமுகத்துக்கு வண்டி அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார்.

ஜெசிந்தா டீச்சரின் தலையிலிருந்த பட்டையைக் கழற்றக் கையை நீட்டினாள். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் பிள்ள. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்," என்றார். "அவர் கீழ இறங்கி டீக்கடைக்குப் போவார்லா, அதுவரைக்கும் நடந்துட்டு வந்துடுதேன்."